இயேசுதாசன் மாமாவின் முகம்

எங்கள் இயேசுதாசன் மாமாவைத் திருவிருந்துக்கு வரவிடாமல் ஆறு வருஷம் கடைசி பெஞ்சில் உட்காரவைத்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொன்னால் எதையோ ஒளித்துவைத்த மாதிரி இருக்கும். அவரைப் பற்றி எழுத என்னைவிட யோக்கியமான ஆள் யாராவது கிடைத்திருக்கலாம். ஆனால் சித்தூரில் அவரை அறுபது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருப்பவர்களில் மிச்சம் இருப்பது அவர் மனைவியான என் அக்கா கிருபாவதியும் நானும்தான். அக்காவுக்கு அவரைத் திருப்பிப் படுக்கவைத்து, துடைத்து, மாத்திரையைக் கரைத்து ஊற்றவே பொழுது சரியாகப் போகிறது.

என் பெயர் ஜெபசிங். அரசுப் பள்ளியில் முப்பத்திரண்டு வருஷம் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். மைதானத்தில் முந்நூறு பிள்ளைகள் வரிசையில் நின்றால், எவன் விளையாட்டு அறை பந்தைத் தூக்கினான் என்று முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவேன். ஹெட்மாஸ்டரே திருட்டுக் கேசுகளை என்னிடம் அனுப்பிவைப்பார். 'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்று தெலுங்குப் பிள்ளைகளுக்குக்கூடத் தமிழிலேயே சொல்லிச் சொல்லி மனப்பாடம் பண்ணவைத்தேன். அந்தக் கர்வத்தோடுதான் வீட்டு மனிதர்களையும் பார்த்தேன்.

மாமாவுக்குச் சொந்த ஊர் பாலசமுத்திரத்துப் பக்கம். எட்டு வயதில் தாயை இழந்தவரை மிஷன் ஆஸ்டலில் கொண்டுவந்து விட்டார்கள். ஆஸ்டலில் சமையல் என் அம்மாதான். புதிதாக வந்த பையன் மூன்று நாள் சாப்பிடாமல் தூணைக் கட்டிக்கொண்டு நின்றானாம். நாலாம் நாள் அம்மா அவனை அடுப்படிக்கே கூட்டிப்போய்த் தன் தட்டிலிருந்து ஊட்டினாளாம். அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டுப் பிள்ளை. பன்னிரண்டு வருஷம் கழித்து அக்காவையே கட்டிக்கொடுத்தபோது, 'ஊட்டி வளர்த்தவனுக்கு வேற யாரைக் குடுப்பேன்' என்றாள் அம்மா. அவர் அவளை அத்தை என்று கூப்பிட்டாலும் அம்மா என்று கூப்பிடுகிற குரலில்தான் கூப்பிடுவார்.

மாமாவுக்கு மூக்குதான் பிழைப்பு. சித்தூரைச் சுற்றி மாங்கூழ் பாக்டரிகள் எத்தனை என்று எண்ணி முடியாது. அதில் ஒன்றில் பழம் பார்க்கிற வேலை. வைக்கோலில் பழுக்கப்போட்ட தோத்தாபுரி மாம்பழக் குவியல் பக்கத்தில் குனிந்து ஒரு மூச்சு இழுப்பார். 'இது இன்னிக்குப் போட்டுடு, இது நாளைக்கு, இதுல அடியில புளிச்சிக்கினு கீது, தள்ளு' என்பார். மெஷினை நம்பாத முதலாளிகள்கூட அவர் மூச்சை நம்பினார்கள். பாக்டரியில் அவருக்கு மூக்குதாசு என்று பெயர். சீசனில் வீட்டுக்கு வந்தால் சட்டையெல்லாம் மாம்பழ வாசம். அக்கா குழம்பு கொதிக்கும்போது வாசலிலிருந்தே உப்பு கம்மி என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றுவார்.

சிரிக்கிற முகம் அவருக்கு. சிரிப்பு முதலில் கண்ணுக்கு வரும், பிறகுதான் வாய்க்கு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இப்போது அவரைப் பார்க்க வருகிற யாரும் இதை நம்புவதில்லை.

கையெழுத்தும் அப்படித்தான், வெள்ளையாகச் சிரிக்கும். எங்கள் சபையில் வருஷப் பிறப்பன்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வேதவசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை கொடுப்பது வழக்கம். மற்ற சபைகளில் அச்சடித்ததைக் கொடுப்பார்கள். எங்கள் சபையில் 1988-லிருந்து மாமா தன் கையாலேயே எழுதினார். நூற்றுப்பத்து வீடு, நூற்றுப்பத்து அட்டை. டிசம்பர் முழுக்கச் சாப்பாட்டு மேஜையில் அட்டைகள் காய்ந்துகொண்டிருக்கும். அம்மா தன் வீட்டுக்கு வந்ததையெல்லாம் பைபிளுக்குள் வருஷ வரிசையில் அடுக்கிவைத்திருந்தாள்.

2010 சீசனில் அவர் பார்த்து அனுப்பிய ஒரு குவியல் புளித்திருந்தது. டின்கள் உப்பிப்போய்த் துறைமுகத்திலிருந்து திரும்பி வந்தன. 'பக்கத்துல நின்னவனுக்கெல்லாம் வாடை அடிச்சிது தாசு, உனுக்கு அடிக்கலையா' என்று மேனேஜர் கேட்டாராம். மாமாவுக்கு ஜலதோஷம்கூட இல்லை. ஆனால் அடிக்கவில்லை. மறுவாரமே அவரை எடைமேடைக்கு மாற்றி லாரி நம்பர் எழுதவைத்தார்கள். 'மூக்குக்கு ரிட்டயர்மென்டா மாமா' என்று நான் கிண்டல் பண்ணினேன். அவர் சிரித்தார். அப்போது முகம் சிரித்தது, அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மனுஷன் மாறினார். பேச்சு குறைந்தது. பேசினதும் காதில் விழவில்லை. 'வாயில கொழுக்கட்டையா வெச்சிக்கினு கீறீங்க' என்று அக்கா சண்டை போடுவாள். குழம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. பேரப்பிள்ளை மடியில் ஏறினாலும், இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருப்பார். வேலை போன வருத்தம் என்று அக்கா நினைத்தாள். திமிர் என்று நான் நினைத்தேன். வாக்குத்தத்த அட்டையில் எழுத்து பொடியாகிக்கொண்டே வந்தது. '2016-க்கு மை மிச்சம் புடிக்கிறீங்களா மாமா' என்று அதற்கும் ஒரு கிண்டல் அடித்தேன். அவர் என்னை நேராகப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்.

2019 ஜூனில் அம்மா போய்விட்டாள். தொண்ணூறு வயது, நல்ல சாவு. ஆனால் தாய் தாய்தானே. கூடத்தில் பெட்டியை வைத்து ஜனங்கள் பாட ஆரம்பித்ததும் எனக்கு அடக்க முடியவில்லை. அக்கா தரையில் விழுந்து புரண்டாள். தெருக்காரர்கள் அழுதார்கள். தபால்காரர் அழுதார். மாமா மட்டும் சுவர் ஓரமாகக் கை இரண்டும் பக்கத்தில் தொங்க, குத்துக்கல் மாதிரி நின்றார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. பாஸ்டர் அவரை நாலு வார்த்தை பேசக் கூப்பிட்டார். முன்னால் வந்து தரையைப் பார்த்து என்னவோ முணுமுணுத்தார். முதல் வரிசைக்கே கேட்கவில்லை. கல்லறையில் மண் போடும்போதும் போட்டுவிட்டு மெஷின் மாதிரித் திரும்பினார்.

நான் அங்கேயே, குழிக்குப் பக்கத்திலேயே, சபை முன்னால் கத்தினேன். "உனுக்குத் தட்டுல இருந்து ஊட்டுன கையி உள்ள கீது. ஒரு சொட்டுத் தண்ணி வரல. நீ மனுசனா? உன் மனசு கல்லு."

அக்கா புருஷனை நான் ஒருமையில் பேசியது அன்றுதான் முதல்முறை. அவர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

எங்கள் சபையில் மிஷன் காலத்து ஏற்பாடு ஒன்று இன்னும் இருக்கிறது. ஊரில் மற்ற சபைக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து, அப்பமும் திராட்சரசமும் கொடுக்கிற பந்தி. அதற்கு முந்தின சனி சாயங்காலம் ஆயத்த ஆராதனை. யாருக்குள்ளாவது மனஸ்தாபம் இருந்தால், அன்றைக்கு இரண்டு பேரும் பீடத்துக்கு முன்னால் வந்து கை கொடுத்து 'சமாதானம்' என்று சொல்ல வேண்டும். மனதில் பகையை வைத்துக்கொண்டு கர்த்தருடைய அப்பத்தைத் தொடக்கூடாது என்பது கணக்கு. சொல்லாதவர் சொல்லுகிற வரைக்கும் பந்திக்கு வெளியே.

அந்த ஜூலைக்கான ஆயத்த ஆராதனையில் பாஸ்டர் எங்கள் இருவர் பெயரையும் வாசித்தார். நான் விசுக்கென்று போய் நின்றுகொண்டேன். மாமா பெஞ்சிலிருந்து எழுந்திருக்க மூன்று தரம் முயற்சி பண்ணினார். சின்னச் சின்ன அடியாக வைத்து வந்தார். வரப் பிடிக்காமல் வருகிறார் என்று எனக்குப் பட்டது. கையைப் பாதி நீட்டினார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. முகம் அதே கல்.

நான் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. "நீங்களே பாருங்க பாஸ்டர். இந்த மூஞ்சில சமாதானம் கீதா?" என்றேன்.

பாஸ்டர் பார்த்தார். மூப்பர்கள் பார்த்தார்கள். சபை மொத்தமும் அவர் முகத்தைப் பார்த்தது. இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. ஜெபசிங் மனம் திறந்திருக்கிறது, இயேசுதாசன் இன்னும் இளகவில்லை என்று மூப்பர்கள் முடிவு பண்ணினார்கள். நான் அடுத்த நாள் பந்திக்குப் போனேன். மாமா கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. ஏன் பேசவில்லை என்பது எனக்கு நாலு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

அக்கா ஒரே ஒரு மாதம் தனியாக எழுந்து போய் அப்பம் வாங்கினாள். அடுத்த மாதத்திலிருந்து அவளும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். என்னோடு பேசுவதையும் நிறுத்திவிட்டாள். இடையில் கொரோனா வந்து யாருக்குமே பந்தி இல்லாமல் போனது. மறுபடி கோயில் திறந்தபோது அவர்கள் அதே பெஞ்சில் இருந்தார்கள். வாக்குத்தத்த அட்டையை அச்சடித்தே வாங்கிவிடலாம், மாமா எழுத்தை யாராலும் படிக்க முடியவில்லை என்று சபை தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

2023 மார்ச்சில் மாமா தண்ணீர் மோட்டார் பக்கத்தில் விழுந்துவிட்டார். கால் தடுக்கவில்லை. சும்மா திரும்பும்போது மரம் சாய்கிற மாதிரிச் சாய்ந்திருக்கிறார். அவர்கள் ஒரே மகள் லீனா திருப்பதியில் ஒரு காலேஜ் ஆபீசில் வேலை பார்க்கிறாள். அங்கே கூட்டிப்போய் நரம்பு டாக்டரிடம் காட்டினாள். அடுத்த வாரம் என் வீட்டுக்கு வந்தாள். நாலு வருஷத்தில் அந்த வீட்டிலிருந்து என் வாசலை மிதித்தது அவள்தான்.

"மாமா, ஆயாவோட பைபிள் உன்கிட்டதான கீது? நைனா எழுதுன அட்டையெல்லாம் வேணும். டாக்டர் பழைய கையெழுத்து இருந்தா எத்துக்கினு வான்னாரு."

கட்டிலின் மேல் வருஷ வரிசையில் பரப்பினோம். முப்பத்திரண்டு அட்டை. 1988-ல் எழுத்து கொத்துக்கடலை அளவு. 2010 வரைக்கும் அப்படியே. 2012-ல் கொஞ்சம் சின்னது. 2014-ல் வரி ஆரம்பத்தில் பெரிதாக இருந்து முடிவில் ஒடுங்கியது. கடைசி அட்டை 2019. அதில் கடுகு சிந்தின மாதிரி இருந்தது. நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டும் படிக்க முடியவில்லை. லீனா செல்போனில் பெரிதுபண்ணிப் படித்தாள். வசனம் முழுசாக, ஒரு எழுத்துப் பிழையில்லாமல் இருந்தது. கீழே 'அத்தை வீட்டுக்கு, அன்புடன்' என்று இருந்தது.

"இது திமிரு இல்ல மாமா. நோவு. பார்க்கின்சன்" என்றாள் லீனா.

அடுத்த முறை போகும்போது நானும் வருகிறேன் என்றேன். எதற்காகச் சொன்னேனோ. அக்கா பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

டாக்டர் கிரண்குமாருக்கு நாற்பது வயது இருக்கும். நகரிப் பக்கத்துக்காரர் போலிருக்கிறது. தமிழும் தெலுங்கும் கலந்து பேசினார். அட்டைகளை மேஜையில் பரப்பி வெகுநேரம் பார்த்தார். பிறகு கேள்வி கேட்டார். வாசனை தெரியாமல் போனது எப்போது? மலச்சிக்கல் எத்தனை வருஷமாக? தூக்கத்தில் கை காலை உதறுவாரா?

"உதர்றதா? ஒரு நாளு தூக்கத்துலயே என் மூஞ்சில வுட்டாரு பாரு ஒரு குத்து, பல்லு ஆடிப்போச்சு" என்றாள் அக்கா. "அது ஆவுது பத்துப் பன்னெண்டு வருசம். என் மேல இன்னா கோவமோன்னு நெனச்சிக்கினு அழுதேன்."

"அப்பவே ஆரம்பிச்சிடிச்சி அம்மா" என்றார் டாக்டர்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவுக்குச் சொல்கிறேன். உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஆயிரக்கணக்கான புரதங்கள் வேலை செய்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு மடிப்பு உண்டு. சரியாக மடிந்திருந்தால்தான் வேலை நடக்கும். தினமும் சில கெட்டுப்போகும், கோணலாக மடிந்துகொள்ளும். கெட்டதைப் பொறுக்கி உடைத்து வெளியேற்றவும் செல்லுக்குள்ளேயே ஏற்பாடு இருக்கிறது. சின்ன வயதில் அது சுறுசுறுப்பாக ஓடுகிறது. வயதானால் அதுவும் தளர்ந்துபோகிறது. கெட்டது அங்கேயே தங்கி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிறது. நல்லதையும் இழுத்துக் கோணலாக்கிவிடுகிறது. மாமாவுக்குக் கெட்டுப்போனது ஆல்ஃபா சைனுக்ளின் என்கிற புரதம். பலருக்கு அது முதலில் வாசனை நரம்பிலும் குடலிலும் சேர ஆரம்பித்து, வருஷக்கணக்கில் மெல்ல மூளைக்குள் ஏறுகிறது. கை ஆடுகிறது, நடை குறுகுகிறது என்று வெளியே தெரியும்போது உள்ளே அந்த இடத்து செல்களில் பாதிக்கு மேல் செத்திருக்கும்.

"உங்களுக்குக் கண்ணுல புரை ஆபரேசன் ஆச்சா சார்?" என்று என்னைக் கேட்டார் டாக்டர். ஆமாம், 2021-ல் என்றேன். "அதுவும் புரோட்டீன் கெட்டு லென்ஸ்ல கட்டிக்கினதுதான். எல்லாருக்கும் எங்கனா ஒரு எடத்துல சேருது. உங்களுக்கு எடுத்துப்போட்டு வேற லென்ஸ் வெக்கிற எடத்துல சேந்திச்சி. இவருக்கு எடுக்க முடியாத எடத்துல."

"எடுக்க மருந்து இல்லையா?" என்றாள் லீனா.

"இன்னும் இல்லம்மா. மாத்திரை குடுத்தா நடை கொஞ்சம் நல்லாவும். சேந்தது சேந்ததுதான்."

அக்கா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். "மூக்கே இல்லாத மனுசன்கிட்டப் பதிமூணு வருசமா கொழம்பு எப்டி கீதுன்னு கேட்டுக்கினு இருந்தேனே" என்றாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது அவளுக்கு.

அப்போதுதான் மாமா பேசினார். குரல் அடித்தொண்டையிலிருந்து வந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நாங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது.

"டாக்டர்காரு... அப்போ என் மனசு... கல்லாவலையா?"

டாக்டருக்குக் கேள்வி புரியவில்லை. மாமா மறுபடி ஆரம்பித்தார். "அத்த செத்தப்போ... அழுவ வரல. உள்ள எரியிது... வெளிய வரல. மச்சான் சொன்னாரு... கல்லுன்னு. நெசம்னு நெனச்சிக்கினேன். எனுக்கே... பயமாப் போச்சு. கல்லான மனுசன்... பந்திக்குப் போவலாமா? அத்தொட்டு... போவல."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்தார். "மனசு அப்டியே கீது சார். மூஞ்சிக்கு வர்ற ஒயருதான் அறுந்துபோச்சு. உள்ள அழுதீங்க இல்ல, அது அழுகைதான்."

மாமா தலையை மெல்ல ஆட்டினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

நான் போன் வந்த மாதிரி காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன். வராந்தாவில் ஒரு இயேசு ஆண்டவர் படமும் ஒரு வெங்கடேசுவரர் படமும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருந்தது. இரண்டையும் பார்க்க முடியாமல் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். நான் கோபத்தில் எறிந்த சொல்லை அந்த மனுஷன் எடுத்துப்போய்த் தன்மேல் தீர்ப்பாக எழுதி, நாலு வருஷம் தினமும் வாசித்திருக்கிறார். நானோ மாதாமாதம் எழுந்துபோய் அப்பத்தை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு வந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் பக்கத்தில் எனக்கு இடம் கிடைத்தது. கேட்டுவிடலாம் என்று பார்த்தேன். மன்னிச்சிடுங்க மாமா, அவ்வளவுதான். நாக்கு எழவில்லை. பாகாலா ரோடு பிரிகிற இடத்தில் அவராகவே வாய் அசைத்தார். குனிந்தேன்.

"பாக்டரியில... ஷிப்டு முடிஞ்சா... நாரு, தோலு எல்லாம் கழுவி வுடுவாங்க. ஒரு நாளு வுட்டாலும்... காவா அடைச்சிக்கும்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "எனுக்குக் கழுவுற ஆளு... கெழவனாயிட்டான், ஜெபா."

ஜோக் அடித்திருக்கிறார். சிரிக்க வேண்டியது நான். எனக்கு வரவில்லை.

பிறகு இரண்டு வருஷம். இதை எழுதத்தான் கை கூசுகிறது. சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. அதற்கு நான் நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயத்த ஆராதனையில் எழுந்து சொல்லலாம் என்று நினைப்பேன். மூப்பர்கள் முகம் நினைவுக்கு வரும். சபை முன்னால் கத்தினவன் சபை முன்னால்தான் கேட்க வேண்டும். அந்த அவமானத்துக்கு எனக்குத் தைரியம் இல்லை. ஈஸ்டர் கழியட்டும், கிறிஸ்துமஸ் கழியட்டும் என்று தள்ளினேன். அதற்குப் பதிலாக நானும் பந்திக்குப் போவதை நிறுத்திக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. பெரிய தவம் என்று நினைப்பு. கோழைத்தனம் என்பதுதான் அதற்குச் சரியான பெயர். பாஸ்டர் மாமாவிடம் போய், நோய் என்று தெரிந்துவிட்டதே, இனி வாருங்கள் என்று கூப்பிட்டிருக்கிறார். 'மச்சான் கை குடுக்கட்டும்' என்று மாமா சொல்லிவிட்டாராம். ஏற்பாடு என்றால் ஏற்பாடு அவருக்கு. நாங்கள் இருவரும் ஒரே கோயிலில், அவர் கடைசி பெஞ்சில், நான் பாடகர் பக்கத்துப் பெஞ்சில், இரண்டு வருஷம் பட்டினி கிடந்தோம்.

இந்த 2025 ஜூலையில் மாமாவுக்குக் காபி குடிக்கும்போது புரையேறியது. இரண்டு நாளில் ஜுரம், நெஞ்சில் சளி. திருப்பதி ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள். விழுங்குகிற தசைக்கும் அந்தக் கட்டி போய்ச் சேர்ந்துவிட்டது என்றார்கள். எதைக் கொடுத்தாலும் இரைப்பைக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போகிறதாம். மூக்கில் குழாய் போட்டு அனுப்பினார்கள். மாம்பழம் பார்த்த மூக்கு.

லீனா போனில் சொன்னாள். "இனிமே வாய் வழியா ஒண்ணும் குடுக்கக்கூடாது மாமா. ஒரு ஸ்பூன் தண்ணிகூட."

போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அப்பமும் வாயால்தானே.

அந்த ஞாயிறு பிரசங்கம் முடிந்ததும் எழுந்து நின்றேன். 2019-ல் கல்லறையில் சொன்னதையும், பீடத்துக்கு முன்னால் சொன்னதையும், பிறகு இரண்டு வருஷம் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சொன்னேன். யாராவது எழுந்து நாலு வார்த்தை திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் திட்டவில்லை. கமலம்மா என்கிற வயதான விசுவாசி மட்டும், "வுடு தம்பி, நாங்களும்தான அவுரு மூஞ்சியப் பாத்துக்கினு சும்மா இருந்தோம்" என்றாள். அதைத் தாங்குவது திட்டு வாங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் பாஸ்டர் அக்கா வீட்டுக்கே அப்பமும் பாத்திரமும் கொண்டுவந்தார். அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணி விரித்த ஸ்டூலை வைத்தாள். ஆறு வருஷம் கழித்து என்னைப் பார்த்து, "உள்ள வாடா" என்றாள். மாமாவைத் தலையணை அண்டக்கொடுத்து உட்காரவைத்திருந்தார்கள். சவரம் பண்ணி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தது. மூக்குக் குழாயைக் கன்னத்தில் பிளாஸ்திரியால் ஒட்டியிருந்தார்கள்.

முதலில் சமாதானம். நான் கட்டிலுக்கு முன்னால் மண்டி போட்டுக் கையை நீட்டினேன்.

"மாமா, நான் பேசினது தப்பு. உங்க மனசு கல்லு இல்ல. கல்லு நான்தான். சமாதானம்."

அவர் வலது கை போர்வைமேல் கிடந்தது. விரல்கள் ஆடின. கை எழும்ப ஆரம்பித்தது, நின்றது, மறுபடி எழுந்தது. யாரும் உதவிக்குப் போகவில்லை. லீனா போகப் பார்த்தாள், அக்கா பிடித்துக்கொண்டாள். கடைசியில் அந்தக் கை என் கையில் வந்து விழுந்தது. ஜில்லென்று இருந்தது.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பழக்க தோஷம். மன்னித்தாரா, இல்லையா, அடையாளம் தேடினேன். அதே முகம். இடது கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுப்பக்கம் போயிற்று. ஆனால் கண் சிமிட்டுவது குறைந்துபோனதால் அவருக்கு நாள் முழுக்க அப்படித்தான் வழிகிறது என்று லீனா ஏற்கெனவே சொல்லியிருந்தாள். அவர் அழுகிறாரா என்று எனக்குத் தெரியாது. இனி ஒருபோதும் தெரியப்போவதில்லை.

பாஸ்டர் ஜெபம் பண்ணி அப்பத்தை எடுத்தார். லீனா தயங்கித் தயங்கி, "ஐயா, உள்ள போவக்கூடாது" என்றாள். பாஸ்டர் தலையசைத்து, ஒரு பொட்டு அப்பத்தைப் பாத்திரத்தில் தோய்த்து, மாமாவின் உதட்டில் தொட்டு எடுத்தார். அவ்வளவுதான். ஆறு வருஷம் காத்திருந்தவருக்கு உதடு நனைந்ததுதான் மிச்சம். லீனா உடனே ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்தாள். இருமல் வந்துவிடும் என்று அவளுக்குப் பயம்.

மாமாவின் வாய் அசைந்தது. என் கை இன்னும் அவர் கைக்குள்தான் இருந்தது. காதை அவர் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். நெடுநேரம் மூச்சு மட்டும்தான் வந்தது. பிறகு சொன்னார்.

"ரெண்டு வருசமா... நீயும் போவல. பின்னால இருந்து... பாத்துக்கினுதான் இருந்தேன்." மறுபடி மூச்சு. "துன்னு ஜெபா."

பாஸ்டர் அப்பத்தை என் உள்ளங்கையில் வைத்தார். வாயில் போட்டேன். மாமா சிமிட்டாமல் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அது சுலபமாக உள்ளே இறங்கியது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.